சொருகியே இருக்கட்டும்

“சார், இந்த லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி வாங்கிடலாமே” என்றாள் உதவியாளர்.

தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எதுக்கும்மா? மேஜையை விட்டு எங்கயாவது ஓடிப் போகுதா? சொருகியே இருக்கட்டும்.”

“ஒயர் லேசா அசைஞ்சாலே பொசுக்குன்னு அணைஞ்சிடுது சார். புதுசுல சார்ஜ் நின்ன நேரத்துல பாதிகூட நிக்கலன்னா மாத்திடணும்னு சர்வீஸ்காரர் சொன்னாரு.”

“விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்? ஆபீஸ் காசுன்னாலும் காசுதானே?”

அந்தப் பிரிவில் அவருக்குக் கருமி என்று பேர். பென்சில் விரலுக்குள் மறையும் வரை விடமாட்டார். சிரித்துக்கொண்டே அவரை வம்புக்கு இழுப்பவள் இவள் ஒருத்திதான். இப்போது அவளும் சிரிப்பதில்லை. கல்லூரி வினாத்தாள் மறுபடியும் வெளியே கசிந்திருந்தது. வினாத்தாள் அலமாரியின் சாவி அவளிடம். எல்லாரும் அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“வேலை போனாக்கூடப் பரவாயில்ல சார். உள்ள தள்ளிடுவாங்களோன்னு இருக்கு.”

“தப்பு செய்யலன்னா என்ன பயம்? நான் இருக்கேன்ல?” என்றார். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு கனிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து அவர் மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்த சற்று நேரத்தில், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் பெண் இன்ஸ்பெக்டர்.

“அலமாரிச் சாவி யார்கிட்ட?”

உதவியாளர் மெல்லக் கையைத் தூக்கினாள்.

கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டார். “நல்ல பொண்ணுதான் மேடம். வீட்டுல ரொம்பக் கஷ்டம். அதுக்காக…” என்று இழுத்தார்.

“அவங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன். முதல்ல உங்க லேப்டாப்பைப் பார்க்கணும். கையை எடுங்க சார். எதையும் தொடாதீங்க.”

கையை எடுத்தார். திரையில் அடுத்த வாரத் தேர்வின் வினாத்தாள், பாதி அனுப்பிய நிலையில் இருந்தது.

கண்காணிப்பாளர் பதறவில்லை. ஒரு தடவை அணைந்துவிட்டால், கடவுச்சொல் இல்லாமல் அந்த லேப்டாப் எந்தக் கொம்பனுக்கும் திறக்காது. கடவுச்சொல் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மறந்துபோச்சு என்றால் யார் என்ன செய்ய முடியும்? இப்படி ஒரு நாள் வரும் என்றுதானே கருமிப் பட்டத்தை இத்தனை காலம் சுமந்தார்!

எழுந்து வழிவிடுகிற சாக்கில் காலால் ஒயரை ஒரு இழு இழுத்தார். பிளக் தெறித்து விழுந்தது.

“அடடா!” என்றார்.

திரை அணையவில்லை. முன்பைப் போலவே பளிச்சென்று எரிந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து நிதானமாகப் படித்தார். பிறகு உதவியாளரைப் பார்த்து, “நீ போன்ல சொன்னது சரிதாம்மா” என்றார்.

கண்காணிப்பாளர் லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க சாப்பிடப் போனப்ப பழைய பேட்டரியைக் கழட்டிப் புதுசை மாட்டிட்டேன் சார். பயப்படாதீங்க, ஆபீஸ் காசு இல்ல, என் காசுதான்” என்றாள் அவள்.