மூலை மேஜை

"என்ன வேணும்? சீக்கிரம் சொல்லுங்க!" மூலை மேஜைப் பெரியவரிடம் சர்வர் சிடுசிடுத்தான்.

ஹோட்டல் மேனேஜர் அவனைத் தனியே அழைத்தார். "எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டுற, அவர்கிட்ட மட்டும் தினமும் வள்ளுன்னு விழற. அவரும் காசு கொடுத்துத்தானே சாப்பிடுறார்?"

சர்வர் சமையலறைப் பக்கம் நகர்ந்தான்.

மேனேஜர் பெரியவரிடம் வந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. நாளையிலேருந்து அவனுக்கு இங்க வேலை இல்ல."

"ஐயய்யோ, அவன் வயித்துல அடிச்சிடாதீங்க!" பெரியவர் பதறினார்.

"அப்ப வேற மேஜையில உக்காரலாமே? அத்தனையும் காலியாத்தானே கிடக்கு. அவன் பார்க்குற மேஜைக்கே வந்து ஏன் பேச்சு வாங்குறீங்க?"

பெரியவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இங்கன்னா, 'என்ன வேணும்'னு அவன் கேட்டுத்தான் ஆகணும். வீட்டுல இந்த அப்பன்கிட்ட வாயே திறக்கறதில்லீங்க."