பலிக்காத விண்ணப்பம்

"தங்கையாவின் சுகத்துக்காக ஜெபிப்போம்" என்று ஆலயத்துக் கணினி இந்த ஞாயிறும் வாசித்துத் தொலைத்தது. தங்கையாவை அடக்கம் செய்து மூன்று வருஷமாகிறது. சபை எழுத்தர் இஸ்ரவேல் தலையில் அடித்துக்கொண்டார். புது ஆவணச் சட்டப்படி, பலித்த ஜெப விண்ணப்பத்தை அழித்துவிடலாம். பலிக்காததை என்றைக்கும் வைத்திருந்து வாராவாரம் வாசிக்க வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் தங்கையாவின் மனைவி எஸ்தர்கனியை வாசலில் மறித்தார்.

"யக்கா, விண்ணப்பம் குடுத்தது நீங்க. உங்க கைரேகை ஒண்ணு போதும், 'ஜெபம் கேட்கப்பட்டது'ன்னு போட்டு அழிச்சிருதேன். வாராவாரம் மானம் போகுது."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்குய்யா பொய் எழுதணும்? நாப்பது நாள் உபவாசம் இருந்தேன், ஆண்டவரு காதே குடுக்கல. அவரு சந்நிதியிலயே வாராவாரம் வாசிக்கட்டும். உக்காந்து கேக்கட்டும்."