மேல் வீட்டு டிரெட்மில்

சரியாக மூன்றரைக்கு மேல் வீட்டில் டிரெட்மில் ஓட ஆரம்பித்தது. தடக், தடக் என்று தலைக்கு மேலே தளம் அதிர்ந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் புரோகிராமர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்தான்.

"பார்த்தியா, ஆரம்பிச்சாச்சு. எனக்கு மீட்டிங்னா அந்தம்மாவுக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ" என்று மனைவியிடம் பொருமினான். "பத்து மணிக்கு மீட்டிங்னா பத்து மணிக்கு ஓடுது. மீட்டிங் முடிஞ்சதும் கப்சிப்னு அடங்கிடுது. வேணும்னே பண்றாங்க."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மேலே போய் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. குடிவந்து மூணு மாசமாச்சு, இன்னும் அவங்க முகத்தைக்கூட நீங்க பார்க்கலை."

"நான் எதுக்குப் பார்க்கணும்? அவங்களுக்கா தெரிய வேணாம்?"

இன்றைக்கு அவனுக்கு வாழ்வா சாவா என்கிற நாள். அவன் எழுதிய புரோகிராம் இரண்டு தடவை வாடிக்கையாளரிடம் போய் ஊற்றிக்கொண்டு, மானம் கப்பலேறியிருந்தது. மூன்றாவது தடவையும் சொதப்பினால் வேலை நிலைக்காது என்று டீம் லீடர் போன வாரமே சொல்லிவிட்டார்.

வாடிக்கையாளருக்குச் செய்து காட்டினால் மட்டும் போதாது. நாலு மணிக்குள் பூதக்கண்ணாடி அப்ரூவல் கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் சிஸ்டம் எதையும் ஏற்றுக்கொள்ளாது.

பூதக்கண்ணாடி என்பவர் டீமில் பிழை பார்க்கிறவர். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வேலை செய்யும் டீம் அது; யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் அவர் ஒரு பூதக்கண்ணாடிப் படத்தை வைத்திருந்தார், அதுவே பெயராகிவிட்டது. அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுகிற ஆசாமி.

அப்படிப்பட்டவரே காலையில், 'இந்தத் தடவை சுத்தமா இருக்கு. செஞ்சு காட்டி முடிச்சதும் அப்ரூவல் போட்டுடறேன்' என்று எழுதியிருந்தார். அவன் அதை நாலு தடவை படித்தான்.

திரையில் டீம் லீடர் பேச்சை முடிக்கப் போகிறார். அடுத்தது இவன்தான். போன மீட்டிங்கில் வாடிக்கையாளர், "உங்க வீட்டை இடிக்கிறாங்களா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. மேலே தடக், தடக்.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினான். மாடிப்படிக்குக் கீழே எல்லா வீட்டு மீட்டர் பெட்டிகளும் வரிசையாக இருந்தன. மேல் வீட்டு எண்ணைப் பார்த்து மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினான். அரை மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தடங்கலில்லாமல் பேசினான். கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வந்தது. "இதைத்தான் எதிர்பார்த்தோம்" என்றார் வாடிக்கையாளர். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மணி மூன்று ஐம்பது. "பூதக்கண்ணாடி, அப்ரூவல் போட்டுடுங்க" என்றார் டீம் லீடர்.

பதிலில்லை. அப்போதுதான் பார்த்தார்கள். திரையில் அந்த வட்டத்தையே காணோம்.

"எங்கே போனாங்க? இப்பத்தானே இருந்தாங்க."

டீம் லீடர் போன் செய்து பார்த்தார், போகவில்லை. இவனும் செய்திமேல் செய்தியாக அனுப்பினான். ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. காலையில் இனிக்க இனிக்க எழுதிவிட்டுக் கடைசி நேரத்தில் காலை வாருகிறார்களே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

வாசலில் காலிங் பெல் அடித்தது. சற்று விட்டு மறுபடியும்.

"யாரா இருந்தாலும் அப்புறம் வரச் சொல்லு. உள்ளே மட்டும் விட்டுடாதே" என்று மைக்கை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கத்தினான். கதவு திறக்கும் சத்தமும், தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சும், கதவு மூடும் சத்தமும் கேட்டன. அவன் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

நாலு மணி. திரையில் 'நேரம் முடிந்தது' என்று சிவப்பில் விழுந்தது.

"உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார் டீம் லீடர். "ஆனா மேலிடத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. மூணாவது தடவை. இதுக்குமேல என்னால பேச முடியாது." அதோடு எழுந்து போய்விட்டார்.

அவன் லேப்டாப்பை அறைந்து மூடினான். "அந்தப் பூதக்கண்ணாடி மட்டும் என் கையில கிடைக்கட்டும். ஒரு மனுஷன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டு எங்கே போய் ஒளிஞ்சுதோ." ஹெட்போன் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, பேச்சை மாற்றுகிறவன்போலக் கேட்டான்: "பெல் அடிச்சது யாரு?"

"மேல் வீட்டம்மா. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்க. அவங்க வீட்டுல மட்டும் கரண்ட் இல்லையாம், போன்லயும் சார்ஜ் இல்லையாம்."

"அதுக்கு?"

"நம்ம நெட்டை ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டாங்க. நாலு மணிக்குள்ள அப்ரூவல் போடலைன்னா, பாவம், அவங்க டீம்ல ஒருத்தருக்கு வேலை போயிடுமாம்."