மூன்று வாரப் பொய்

"உங்க பொண்ணு மறுபடி எப்ப சார் வேலைக்கு வர்றாங்க? லேப்ல அவங்களைப் பார்த்து மூணு வாரம் ஆச்சே!"

புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தபடி, மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள். கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"மூணு வாரமா? நல்லாப் பார்த்தீங்களா?"

"கண்ணாடி போட்டு விட்டதே நீங்க, என்னைப் போய்க் கேக்கறீங்களே!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலைகூட மகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

போன் போட்டார்.

"எங்கம்மா இருக்க?"

"லேப்லதான்பா. கொஞ்சம் வேலையா இருக்கேன்."

பச்சைப் பொய்! அதுவும் அவர் பெற்ற பெண்!

சர்ச் சபையில் அவர் மூப்பர். ஞாயிறு பள்ளியும் அவர் பொறுப்பில்தான். உள்ளே காலெடுத்து வைத்தால் பிள்ளைகள் கப்சிப். 'பத்துக் கட்டளை வருது' என்று வாலிபர்கள் கிசுகிசுப்பது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை மகள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவள் இறங்கிவிட்டாள். எவன் காத்துக்கொண்டிருக்கிறானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார்.

அவள் நுழைந்தது ஒரு சர்ச்சுக்குள். அவர்கள் சபை இல்லை, வேறு சபை. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் வராத இடம்.

உள்ளே பெருக்குகிற அம்மாளைத் தவிர ஆள் இல்லை. மகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் உன் லேபா?"

தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"சர்ச்சுக்குள்ள உக்காந்துக்கிட்டேதானே நேத்து லேப்ல இருக்கேன்னு சொன்ன? கொஞ்சமாவது தேவ பயம் இருக்கா உனக்கு?"

பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு மெல்ல வெளியே போய்விட்டாள்.

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா? என்ன பண்ணித் தொலைச்ச?"

"விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பா." மகள் தலையை நிமிர்த்தவில்லை. "ரத்தம் எடுத்த ரெண்டு டியூப்ல பேரை மாத்தி ஒட்டிட்டேன். ரிப்போர்ட் மாறிப்போச்சு. ஒரு பெரியவருக்கு ரெண்டு நாள் தேவையில்லாத மருந்து கொடுத்துட்டாங்க."

"அப்புறம் கண்டுபிடிச்சிட்டாங்க. ஊரெல்லாம் சிரிக்குது!"

"யாரும் கண்டுபிடிக்கலப்பா. எனக்கேதான் தட்டுப்பட்டுது. மறுபடி டெஸ்ட் எடுத்த மாதிரி புது ரிப்போர்ட் ஒண்ணு போட்டுடு, யாருக்கும் தெரியாதுன்னு கூட வேலை செய்றவங்க சொன்னாங்க. எனக்குக் கை வரல. மனுஷங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்கு? நானே பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அந்தப் பெரியவர்கிட்டயும் போய், தப்பு என்னோடதுன்னு சொன்னேன்."

"அவர்... எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வந்து சொன்னியேம்மா, அது போதும்'னார்."

அவர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

போன வருஷம் ஒரு வாத்தியாருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் பொருத்திக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் டாக்டர் சீட்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. வாத்தியார் மறுநாள் வந்து தலை சுற்றுகிறது என்றார். "பழகப் பழகச் சரியாயிடும் சார்" என்று சிரித்த முகமாக அனுப்பி வைத்தார். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் வாத்தியாருக்காக ஒரு வார்த்தை சொன்னதோடு சரி.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே சொல்லிட்டேன்பா."

அப்படியானால் மூன்று வாரமாகத் தெரிந்தேதான் மனைவி டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்தேதான் சாயங்காலம், "இன்னிக்கு வேலை ஜாஸ்தியாம்மா?" என்று அவர் காதுபட விசாரித்திருக்கிறாள்.

பழைய நாள் ஒன்று நினைவில் வந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். கடையில் ஒரு தட்டு பிரேமைக் கொட்டி உடைத்துவிட்டாள். "ஆண்டவர் பார்த்துக்கிட்டே இருக்கார், பொய் சொன்னா அடிப்பார்" என்று முட்டிபோட வைத்தார். உடைத்தது நான்தான் என்று குழந்தை உண்மையைச் சொன்னது. அப்புறமும் அடி விழுந்தது. அடித்தது ஆண்டவர் இல்லை.

"ஏம்மா, யார் யார்கிட்டயோ போய்ச் சொல்லியிருக்க. பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"தப்புதான்பா. தினமும் இங்க வந்து அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கறேன்."

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவருக்குப் பயந்து உண்மையைச் சொன்னேன்பா. உங்களுக்குப் பயந்துதான்... பொய் சொல்லிட்டேன்."