சந்தனம் பூசிய ஸ்டியரிங்

தணிகாசலத்தின் பழைய காருக்குப் புது ஸ்டியரிங் ஒன்று வந்தது. பின்னாலிருக்கும் வளையத்தை இழுத்தால் கையோடு கழன்று வந்துவிடும். திரும்பப் பொருத்தி அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும்.

தணிகாசலம் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். பக்தி முற்றி, பூட்டுகிற ஓட்டைக்குள்ளும் சந்தனத்தை அப்பினார். பிறகு கொண்டுபோய்க் காரில் மாட்டினார்.

அதைத் தாங்கிய இரும்புத் தண்டு பதறியது. "தம்பி, 'டக்'குனு சத்தமே வரலையே! உள்ளே சந்தனம் அடைச்சிருக்கு."

"பொறாமைப்படாதீங்கண்ணே. உங்களுக்கு ஒரு பொட்டாவது வெச்சாங்களா?"

"எனக்குப் பொட்டு வேண்டாம்பா. அவர் உன்னை ஒரு தடவை இழுத்துப் பார்த்தா போதும்."

"சாமி கும்பிட்டு மாட்டினதை யாராவது இழுத்துப் பார்ப்பாங்களா?" என்று சிரித்தது ஸ்டியரிங்.

முன்சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழம் முனகியது. "இன்னைக்கு நான் மட்டும் நசுங்கப்போறதில்லைன்னு தோணுது."

கார் கிளம்பியது. பழம் நசுங்கியது. வாசலைத் தாண்டி இடப்பக்கம் திருப்பும்போது ஸ்டியரிங் கழன்று தணிகாசலத்தின் மடிக்கு வந்தது. கார் நேரே போய் எதிர்வீட்டு மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது.

நின்ற பிறகும் தணிகாசலம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கை வெறும் காற்றில் இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

தண்டைப் பார்த்து ஸ்டியரிங் பெருமையாகச் சொன்னது: "பாத்தீங்களாண்ணே? இப்பவும் என்னைத்தான் நம்புறார்."