மூன்று அடுக்கில் ஒரு துண்டு

"இருநூறு பேர் கல்யாணத்துக்கு ஒரே ஒரு துண்டு கேக்கா? என்னங்க ஐயா, விளையாடுறீங்களா?"

கேக் கடைக்காரி பேனாவை மேசையில் போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நனைந்த குடையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தயங்கினார்.

"பார்வைக்கு இருநூறு பேருக்கான கேக்காத் தெரியணும்மா. மூணு அடுக்கு. கல்யாணப் பொண்ணு அப்படித்தான் கேக்குறா. உள்ளே தெர்மாகோல் போதும். கத்தி படுற இடத்துல மட்டும் ஒரு துண்டு நிஜக் கேக்."

"அடி அடுக்குல நூறு துண்டு, நடுவுல அறுபது, மேல நாப்பது. துண்டுக் கணக்குலதான் நாங்க விலையே போடுறது. ஒத்தைத் துண்டுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"முழுக் கேக்கோட விலையையே வாங்கிக்கம்மா."

கஞ்சன் என்று நினைத்திருந்தவள் குழம்பிப்போனாள். "முழுக் காசும் கொடுத்துட்டு, வந்தவங்க வாயில தெர்மாகோலைத் திணிக்கப் போறீங்களாக்கும்!"

பெரியவர் சிரிக்கவில்லை. "அந்தத் துண்டை எடுத்துட்டு, அதே இடத்துல வேற துண்டு வைக்க முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"கல்யாணக் கேக் வந்தாத்தான் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கா. ரெண்டு நாளா பால் தவிர எதுவும் இறங்கலை." அவர் பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ரொம்ப மெலிஞ்சுட்டாம்மா. சீக்கிரம் பண்ணிக் கொடு."

மகளுக்கு இவ்வளவு செல்லம் ஆகாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் ஆர்டரை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேக்கை அவளே கொண்டுபோனாள். வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. கூடத்தில் மருந்து வாடை. மேசையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்த பெரியவரிடம், "பொண்ணு எங்கே?" என்று கேட்க வாயெடுத்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. சாயம் போன கல்யாண உடையில், நரைத்த தலையில் கோணலாகப் பூ வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு கிழவி வந்தாள்.

"அப்பாடா, கேக் வந்துடுச்சா! எல்லாருக்கும் போதுமா?"

கடைக்காரி பெரியவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"தாராளமாப் போதும்மா," என்றாள் அவள். "இருநூறு பேருக்கு."

பெரியவர் அந்த ஒரே துண்டை வெட்டித் தட்டில் வைத்தார்.

"மாப்பிள்ளை வர்றதுக்குள்ள ஒரு வாய் ருசி பார்த்துக்கிறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று கிழவி அவசரமாகத் தின்றாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து வெட்கப்பட்டாள். "ஐயா, நீங்க யாரோ தெரியலை. அவர் வந்துட்டாரான்னு வாசல்ல பார்த்துச் சொல்றீங்களா?"

"இதோ பார்க்கிறேன்மா."

வாசலுக்கு வந்த பெரியவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடவே வந்த கடைக்காரியிடம் சொன்னார்: "நாளைக்கும் ஒரு துண்டு கொண்டு வாம்மா. தினமும் இவளுக்கு இன்னைக்குத்தான் கல்யாணம்... நாப்பது வருஷத்துக்கு முன்னால நடந்த எங்க கல்யாணம்."