நாலு விரல் உயரம்

கடற்கரை மணலில் பாதி புதைந்த அந்தப் பழைய போர்க்காலப் பங்கருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தவன் நிமலன்தான். சண்டை முற்றுமுன்பே கனடாவுக்குப் போய்விட்டவன். கலியாணமாகி மூன்று வாரம். டோர்ச்சோடு முன்னால் நுழைந்தவனுக்கு வாசல் விட்டத்தில் நெற்றி இடித்தது. பின்னால் வந்த மனைவி தர்மினி சரியான இடத்தில் குனிந்து, உடைந்துபோன மூன்றாம் படியைப் பார்க்காமலே தாண்டினாள். இடித்ததைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

“உமக்கு இந்த இடம் தெரியுமோ?”

“செல்லடி நேரம் கொஞ்ச நாள் இருந்தனான்.”

“ஆரோட?”

“சனத்தோடதான்.”

மூலையில் இடப்பக்கச் சுவரோடு ஒட்டாமல், ஓர் ஆள் இருக்க இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். வெளியே ஒரு பேரலை மோதியது. உள்ளே அது வெடிபோல் முழங்கியது. தர்மினி கண்ணை மூடிக்கொண்டாள். வலக்கை தன் காதைப் பொத்தியது. இடக்கை, பக்கத்தில் இல்லாத யாருடைய காதையோ பொத்த உயர்ந்து, வெறும் காற்றில் நின்றது.

நிமலன் சத்தமில்லாமல் அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்தான். கை அவன் காதுக்கு நாலு விரல் மேலே நின்றது. முதுகை நிமிர்த்திப் பார்த்தான். அப்போதும் எட்டவில்லை.